தாத்தா தூக்கிய எடையைச் சதீஷ் தூக்கிய எடையோடு ஒப்பிடலாமா?

மொத்த எடையை வைத்து ஒப்பிடாதீர்கள். உங்கள் தாத்தா 1960களில் வாங்கிய பளுதூக்கும் போட்டிச் சான்றிதழில் இருப்பது மூன்று தூக்குகளின் கூட்டுத்தொகை: பிரஸ், ஸ்நாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோள்வரை, பிறகு கால் உந்துதலோடு தலைக்கு மேல்). இன்று பிரஸ் இல்லை, மற்ற இரண்டுதான்.

பிரஸ் என்பது தோள்வரை ஏற்றிய கம்பியை, முழங்காலை மடக்காமல் கையின் பலத்தால் மட்டும் தலைக்கு மேல் தள்ளுவது. நாளடைவில் வீரர்கள் வில்லைப்போல முதுகைப் பின்னால் வளைத்துத் தள்ளத் தொடங்கினார்கள். எது சரியான தூக்கு என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை, முதுகெலும்புக்கும் ஆபத்து. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதை நீக்கிவிட்டார்கள்.

நம் வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோவுடன் மீண்டும் தங்கம். அவருடைய 77 கிலோ எடைப்பிரிவே அதே ஆண்டு பிற்பகுதியில் எடுக்கப்பட்டுவிட்டது. அவருடைய எண்களையும் நாளை யாரும் நேராக ஒப்பிட முடியாது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். விரல்களின் அடியில் நான்கு காய்ப்புகள், புளியங்கொட்டை மாதிரி. கம்பி கையில் வழுக்காமலிருக்கத் தடவும் மேக்னீசியம் பொடி கிடைக்காத நாளில் அடுப்புச் சாம்பலைத் தடவித் தூக்கினாராம். அந்தக் கையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

தாத்தாவின் சான்றிதழைப் படமெடுத்து வையுங்கள். மூன்று எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். பக்கத்தில் அவருடைய உடல் எடையையும் ஆண்டையும் குறியுங்கள். ஸ்நாட்சையும் ஜெர்க்கையும் மட்டும் கூட்டினால் ஓரளவு நியாயமான ஒப்பீடு கிடைக்கும்.