“வாங்கும்போதே பணம் கொடுத்தோமே” – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஈரோட்டில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். 2018-இல் ஆரம்பித்தது. ஜவுளிக்கடை, ரெடிமேட் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர். ஒரு கடைக்கு 15,000 ரூபாய், ஒரே தடவை. வருடத்துக்கு நாற்பது கடை போல விற்கிறோம். இன்றைக்கு 250 கடைகளுக்கு மேல் ஓடுகிறது.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோது தூக்கமில்லாமல் எல்லாருக்கும் மாற்றிக் கொடுத்தோம். அதற்கு 1,500 ரூபாய் கேட்டால், “வாங்கும்போதே பணம் கொடுத்தோமே, இதுக்கும் காசா?” என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு போன் வருகிறது. “ஒரு சின்ன மாற்றம்தான் தம்பி” என்று ஆரம்பித்தால் ஒரு வாரம் போய்விடுகிறது. ஒரு பெரிய கடைக்குத் தனியாகச் செய்த வேலைக்கு 1,80,000 ரூபாய், வரியோடு 2,12,400. ஏழு மாதமாக வரவில்லை. ஜிஎஸ்டியை நாங்களே கட்டிவிட்டோம். சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவெல்லாம் செய்யவில்லை. எங்களிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். இப்போது ஒருவர் இதே மாதிரி சாப்ட்வேரை 5,000 ரூபாய்க்கு விற்கிறார்.

வீட்டில் மூடிவிட்டு வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. அவர் 15,000 ரூபாய் கொடுத்தபோது அதில் எதெல்லாம் சேரும், எத்தனை வருடத்துக்குச் சேரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. எழுதாமல் விட்டதை அவர் தனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்வார். துணி வாங்கி விற்கும் மனிதருக்கு, பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கினால் கணக்கு அத்தோடு முடிந்தது. உங்கள் சரக்கு அப்படிப்பட்டது இல்லை என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தில் பல குறைகள் இருந்தாலும் பெரும்பாலானவை அந்த “ஒரே தடவை” என்ற விலையிலிருந்து வருகின்றன. நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பாருங்கள். வருடம் நாற்பது கடை என்றால் ஆறு லட்சம் ரூபாய். முதல் வருடம் அந்த ஆறு லட்சத்தில் நாற்பது கடைகளைப் பார்த்துக்கொண்டீர்கள். இன்றைக்கும் அதே ஆறு லட்சம்தான் வருகிறது, பார்த்துக்கொள்ள வேண்டிய கடைகள் 250. புதிதாக வாங்குபவர் கொடுக்கும் பணத்தில்தான் பழைய கடைக்காரருக்கு வேலை நடக்கிறது. இதில் விற்பனை கூடினால் நிலைமை சரியாகும் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. இந்த வருடம் விற்கும் ஒவ்வொரு கடையும் அடுத்த வருடம் முதல் செலவுக் கணக்கில் போய்ச் சேர்கிறது. நன்றாக விற்கத் தெரிந்த பல சின்ன நிறுவனங்கள் ஏழெட்டு வருடத்தில் மூச்சுத் திணறி நிற்பது இதனால்தான். நீங்கள் சோம்பேறியாக இருந்ததால் இந்த நிலை வரவில்லை. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

சாப்ட்வேரில் நாம் ஒரு எழுத்துகூட மாற்றாவிட்டாலும் நம்மைச் சுற்றி எல்லாம் மாறுகிறது. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தது, அதே நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு வரி மாறியது. ஈ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் முறை, 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. உங்கள் கடைகளில் பாதிக்கு மேல் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

2025 செப்டம்பர் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மற்ற வாசகர்களுக்கும், முக்கியமாக உங்கள் கடைக்காரர்களுக்கும் தெரிய வேண்டும். 3-ஆம் தேதி இரவு அறிவிப்பு, 22-ஆம் தேதி திங்கட்கிழமை அமல். இடையில் மூன்று வாரம் கூட முழுதாக இல்லை, அதுவும் தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். “12 இருக்கிற இடத்தில் 5 போடணும், அவ்வளவுதானே” என்று கேட்பார்கள். ஆயத்த ஆடையில் அது நடக்காது. முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. எந்த விலை என்றால், தள்ளுபடி போக உண்மையில் விற்ற விலை. 2,600 ரூபாய் சட்டையை 10 சதவீதம் தள்ளுபடியில் கொடுத்தால் 2,340, அதற்கு 5 சதவீதம். தள்ளுபடி முடிந்து அடுத்த வாரம் அதே சட்டையை முழு விலைக்கு விற்றால் 18. ஆக, வரியைப் பொருள் பட்டியலில் எழுதி வைக்க முடியாது. பில்லில் ஒவ்வொரு உருப்படிக்கும் அந்த நேரத்தில் கணக்குப் போட வேண்டும். அதே கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணிக்கு இந்த 2,500 எல்லையே கிடையாது, என்ன விலையானாலும் 5.

வரி உட்பட விலை ஒட்டி விற்கும் கடைகளில் இன்னும் சிக்கல். லேபிளில் 2,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் என்று எடுத்து வரியைக் கழித்தால் அடிப்படை விலை 2,666 ரூபாய் சொச்சம். அது 2,500-ஐத் தாண்டுகிறது, அதனால் 5 சதவீதம் செல்லாது. சரி, 18 என்று எடுத்தால் அடிப்படை விலை 2,372 சொச்சம். அது 2,500-க்குள் வருகிறது, அதனால் 18-உம் செல்லாது. 2,625-க்கு மேல் 2,950 வரை எந்த விலை ஒட்டினாலும் இதே கதை. பழைய விதியில் இந்த இடைவெளி 1,050-க்கும் 1,120-க்கும் நடுவே 70 ரூபாயாக இருந்தது, இப்போது 325 ரூபாய். இதை எந்தக் கணினியும் தானாகத் தீர்க்காது. வரி சேர்க்காத விலையை முதலில் முடிவு செய்யுங்கள் என்று கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். அப்புறம், செப்டம்பர் 10-ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சட்டை 25-ஆம் தேதி திரும்பி வந்தால் அதே 12 சதவீதத்தில்தான் வரவு வைக்க வேண்டும். பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதியவர்கள் இந்த இடத்தில் மாட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் மூன்றே பேர், மூன்று வாரத்துக்குள், 250 கடைகளுக்குச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இதற்கு 1,500 ரூபாய் கேட்கும்போது குரல் தாழ வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வேலையை முடித்துவிட்டு அதன் பிறகு கேட்டதால்தான் அது வசூல் மாதிரி ஆகிவிட்டது.

ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள். விலையில் 15 முதல் 20 சதவீதம் என்பது நம் தொழிலில் பழகிய கணக்கு. 15,000-க்கு வருடம் 3,000 ரூபாய். பாதிக் கடைகள் சம்மதித்தாலே 3,75,000 ரூபாய், ஒரு புதுக் கடைகூடப் பிடிக்காமல். ஒரே பக்கத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள். சட்டம் மாறினால் அந்த மாற்றம் இதில் சேரும், போனில் உதவி சேரும், தினசரி பேக்கப் சரியாக எடுக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது சேரும். புது ரிப்போர்ட், புது பில் வடிவம், புது பிரிண்டர் இதில் சேராது, அதற்குத் தனி விலை. “சேராது” என்ற பகுதியைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஏஎம்சி வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள், ஆனால் அவருடைய பில்லிங்கைப் பூட்டாதீர்கள். குறிப்பிட்ட தேதியில் சாப்ட்வேர் தானாக நின்றுபோகும்படி வைத்துப் பணம் வசூலிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அந்தக் கணக்கு அவருடையது. பணம் கொடுத்து வாங்கியது அவரிடம் ஓடட்டும், கேட்டால் டேட்டாவை எக்செல் கோப்பாக எடுத்துக் கொடுங்கள். அடுத்த சட்ட மாற்றம் வரும்போது அவராகக் கூப்பிடுவார், அன்றைக்குப் புது விலையில் பேசலாம்.

“சின்ன மாற்றம்” விஷயத்தில் ஒரு பழக்கம் மட்டும் போதும்: போனில் சரி என்று சொல்லாதீர்கள். “பார்த்துவிட்டு நாளைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்” என்று சொல்லுங்கள். பில்லில் பொருள் பெயர் தமிழில் வர வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான ஆசை, எனக்கும் பிடித்த வேலை. ஆனால் கடைகளில் இருக்கும் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்தைப் படமாக்கி அனுப்ப வேண்டும், அப்போது பில் மெதுவாக வரும், கவுன்டரில் கூட்டம் நிற்கும், அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள். இதைப் படித்த பிறகும் வேண்டும் என்பவர் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பார். தேவையில்லாதவர் விட்டுவிடுவார். இரண்டுமே உங்களுக்கு நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் கோபப்படாதீர்கள். துணிக்கடைக்கு வியாபாரமே அன்றைக்குத்தான். அதோடு உங்கள் ஊரில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஜவுளிச் சந்தை வேறு. புது வெர்ஷனை அந்த நாட்களில் அனுப்பவே கூடாது. நீங்கள் மூவரும் புதன்கிழமை விடுமுறை எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து ஒருவர் போன் எடுக்கட்டும். மற்ற இருவரும் அன்று போனைத் தொடவே வேண்டாம்.

அந்த 2,12,400 ரூபாய்க்கு வருகிறேன். இதில் 32,400 ரூபாய் ஜிஎஸ்டியை உங்கள் கையிலிருந்து கட்டியிருக்கிறீர்கள். அந்தக் கடை அதே 32,400-ஐ உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, பெரும்பாலும் எடுத்திருக்கும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏழு மாதம் என்றால் 180 நாள் தாண்டிவிட்டது. முதலாளியிடம் இனி கெஞ்ச வேண்டாம். பில் நகலை வைத்து, இந்த விதியைக் குறிப்பிட்டு, அவருடைய ஆடிட்டருக்கும் நகல் போகும்படி மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். ஆடிட்டருக்கு உடனே புரியும்.

உத்யம் பதிவை இந்த வாரமே செய்யுங்கள். இணையத்தில் ஆதாரும் பானும் வைத்து இலவசமாக முடியும், இடைத்தரகர் தேவையில்லை. பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. இதைவிட நடைமுறையில் பயன்படுவது 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த மாற்றம். கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருடம் வரை அந்தத் தொகையை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் ஆடிட்டர்களே “சின்ன நிறுவனங்களுக்குப் பாக்கி வைக்காதீர்கள்” என்று முதலாளிகளிடம் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பதிவுக்கு முன்பு செய்த வேலைக்கு இதை நம்பி இருக்க முடியாது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இனிமேல் ஏஎம்சிக்கு முதலில் புரோபார்மா (தொகையை மட்டும் சொல்லும் முன்பில்) மட்டும் அனுப்புங்கள். பணம் வந்த பிறகு வரி பில். அப்போது வராத பணத்துக்கு வரி கட்டும் வேதனை இருக்காது. தனி வேலைகளுக்குப் பாதிப் பணம் ஆரம்பிக்கும் முன், மீதி இன்ஸ்டால் செய்யும் அன்று.

பெங்களூர் போன பையனை வாழ்த்தி அனுப்புங்கள். அவனுக்கு அங்கே கிடைக்கும் சம்பளத்தை உங்களால் தர முடியாது. ஒவ்வொரு கடைக்கும் என்னென்ன தனியாக மாற்றிக் கொடுத்தோம் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால், ஒருவர் போவதால் வேலை நிற்காது. 5,000 ரூபாய்க்காரரைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம். உங்களை வருத்தும் அதே கணக்கில், உங்களைவிடச் சீக்கிரம் அவர் வந்து நிற்பார்.

மூடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். இத்தனை கடைகள் உங்களை நம்பி தினமும் பில் போடுகின்றன, அதை யாரும் சுலபமாகக் கட்டிவிட முடியாது. ஏஎம்சி கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பி மூன்று மாதம் பாருங்கள். நூறு கடையாவது பணம் கட்டினால் தொழில் நிலைக்கும், தைரியமாகத் தொடருங்கள். ஐம்பதுக்கும் கீழே என்றால் வேலைக்குப் போவதில் எந்த அவமானமும் இல்லை. போவதற்கு முன்னால், பணம் கட்டிய கடைகளை நம்பகமான வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

கடிதத்தை மார்ச் முதல் வாரத்தில் அனுப்பிவிடுங்கள். ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டுக்கு பில் எண் வரிசையை மாற்றித் தரச் சொல்லி எல்லாக் கடையிலிருந்தும் எப்படியும் போன் வரும். அந்த போன் வரும்போது உங்கள் கடிதம் அவர்கள் மேஜையில் இருக்க வேண்டும். ஜூலையில் எத்தனை பேர் கட்டினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்