ஜப்பானில் பெண் கோ வீராங்கனை பெண்களோடு மட்டும்தான் ஆடுவாரா?

இல்லை. கோ என்பது 19க்கு 19 கோடுள்ள பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களால் இடம் வளைக்கும் ஆட்டம். தேர்வில் தேறி, ‘தான்’ (dan) எனும் தரவரிசையின் முதல் படியான ‘முதல் தான்’ தரம் பெற்றால் தொழில்முறை ஆட்டக்காரர். ஆடும் பெண்கள் குறைவு என்பதால் அவர்களுக்குத் தனித் தேர்வும் தனிப் பட்டங்களும் உண்டு. ரயிலில் மகளிர் பெட்டி மாதிரிதான். பொதுப்பெட்டியில் ஏறவும் தடையில்லை.

ஃபுஜிசாவா ரினாவைப் பாருங்கள். தாத்தா ஹிதேயுகி பெரும் ஜாம்பவான். ரினா 2010இல், 11 வயதில், பெண்கள் தேர்வு வழியாகத்தான் நுழைந்தார். 15 வயதில் முதல் பெண்கள் பட்டம். 2020இல் இளையோருக்கான வாககோய் போட்டியில் ஆண்களையும் வென்று கோப்பையைத் தூக்கினார். ஜப்பானில் இருபாலரும் ஆடும் அதிகாரபூர்வப் போட்டியை ஒரு பெண் வென்றது அதுவே முதல்முறை. எனக்கு அவருடைய பெண்கள் பட்டங்களைவிட இதுதான் பெரிது.

இன்னொன்று: ‘தான்’ சாம்பியன் பட்டமல்ல, தரம், தோற்றாலும் இறங்காது.