தாளத்தின் கையில் பழைய மெட்டுகள்

கேள்வி: எல்லோரும் அறிந்த பழைய 'ஸ்டாண்டர்டு' பாடல்களைச் சில ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்கள் தங்கள் தலைமையில் புதிதாக வாசித்து ஆல்பமாக வெளியிடுகிறார்கள். மெட்டை வாசிக்க முடியாத கருவியை வைத்துக்கொண்டு ஒரு பாடலை எப்படி மாற்ற முடியும்? எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

பதில்: டிரம்ஸ் கலைஞர் பால் மோஷியனின் 'ஆன் பிராட்வே' முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள். 1988-இல் பதிவான அந்த ஆல்பத்தில் ஜோ லொவானோ சாக்சபோனும், பில் ஃபிரிசெல் கிட்டாரும், சார்லி ஹேடன் டபுள் பாஸும் வாசிக்கிறார்கள், பியானோ இல்லை. கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஹரால்ட் ஆர்லன் போன்றோர் அமெரிக்க மேடைக்கும் திரைக்கும் அமைத்த மெட்டுகளே அதில் உள்ளன.

இப்பாடல்களில் பல, எட்டு எட்டு அளவுகளாகப் (ஓர் அளவு என்பது பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளக் கூறு) பிரிந்த முப்பத்திரண்டு அளவுச் சுற்றில் அமைந்தவை. அந்தச் சுற்று எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது என்பதைச் சிம்பல் என்னும் உலோகத் தட்டால் இடைவிடாது உணர்த்துவதே டிரம்ஸ் கலைஞரின் வழக்கமான பணி. மோஷியனோ, உடன் வாசிப்பவர்கள் அனைவருக்கும் மெட்டு மனப்பாடம் என்பதால், அந்தப் பணியைப் பல இடங்களில் துணிந்து கைவிடுகிறார். ஓர் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாமல் தள்ளி விழுகிறது. பிரஷ் என்னும் கம்பித் தூரிகை சற்றே உரசிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் சாக்சபோனும் கிட்டாரும் மெட்டைத் தாமாகவே தாங்கியாக வேண்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாத புதிய பாடலில் இப்படிச் செய்தால் கேட்பவர் வழி தவறிவிடுவார்; பழகிய பாடலில்தான் இந்தச் சுதந்திரம் கிடைக்கும். காலப்பிரமாணத்தையும் மௌனத்தின் அளவையும் தீர்மானிப்பவரே பாடலின் உணர்வைத் தீர்மானிக்கிறார் என்று உறுதியாகச் சொல்வேன். 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு ஜாஸ் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழுவில் வாசித்தபோதே, தாளம் வெறும் துணை அல்ல, உரையாடலில் ஒரு குரல் என்பதை மோஷியன் காட்டியிருந்தார்.

மற்றொரு டிரம்ஸ் கலைஞரான மாக்ஸ் ரோச்சின் வழி வேறு. நான்கு எண்ணிக்கையே ஜாஸின் இயல்பாகக் கருதப்பட்ட 1957-இல் வெளிவந்த 'ஜாஸ் இன் 3/4 டைம்' ஆல்பம் முழுவதையும் அவர் மூன்று எண்ணிக்கையில் வாசித்தார். அதில் சொந்தப் படைப்புகளும் உண்டு.

கேட்கும் முறை குறித்து ஒன்று: 'ஓவர் தி ரெயின்போ' பாடலை ஜூடி கார்லண்ட் 1939-இல் பாடியவாறு முதலில் கேட்டு, மெட்டு மனத்தில் நின்ற பிறகு மோஷியன் குழுவின் வடிவத்தைக் கேளுங்கள், மறுமுறை சிம்பலை மட்டும் பின்தொடருங்கள்.