'எல்லாம் ஓடும் சார்' என்று சொல்லி விற்ற லேப்டாப்: பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறோம். மாலையில் மட்டும் ஒரு பையன் உதவிக்கு வருவான். பில், சரக்கு இருப்பு, காலாவதித் தேதி எல்லாம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக் கொடுத்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராமில்தான் ஓடுகிறது. பழைய கணினியில் இருக்கும் விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்றார்கள். அதனால் திருச்சியில் ஒரு கடையில், புதிதாக வந்த விண்டோஸ் 11 ஹோம் போட்டே வரும் லேப்டாப்பை 54,900 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன்பே பில்லிங் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இந்த டாஸ் புரோகிராம் இதில் ஓடுமா?' என்று கேட்டேன். 'எல்லாம் ஓடும் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார் கடைக்காரர். புரோகிராம் ஓடவில்லை. மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுபோனேன். 'சீல் உடைச்சாச்சு, விண்டோஸ் ஆக்டிவேட் ஆயிடுச்சு, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாதுன்னு பில்லிலேயே இருக்கு' என்கிறார். 800 ரூபாய் கொடுத்தால் பழைய விண்டோஸைப் போட்டுத் தருவாராம். பில் மருந்துக்கடை பெயரில் உள்ளது. லேப்டாப் கம்பெனி, மைக்ரோசாஃப்ட் எல்லார் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அந்த 800 ரூபாய் யோசனையை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11 ப்ரோ உரிமத்தோடு வரும் கணினியில் விண்டோஸ் 10 ப்ரோவுக்கு இறங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது. ஹோம் உரிமத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே கடைக்காரர் போட்டுத் தரப்போவது அநேகமாகத் திருட்டு நகலாகத்தான் இருக்கும். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதவர்களுக்கு மட்டுமே நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க இடம் உண்டு. உங்களுடையது கடை. அதோடு, வேறு விண்டோஸ் ஏற்றிய கையோடு 'கருவியின் நிலையை இவரே மாற்றிவிட்டார்' என்று அவர் சொல்லத் தொடங்கினால், இருக்கிற நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

நல்ல வழக்கு என்று சொல்கிறேன். ஆனால் அது யார் மீது என்பதில் தெளிவு வேண்டும். கணினி ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவைத்தான் 16, 32, 64 பிட் என்பார்கள். உங்கள் புரோகிராம் 16 பிட் காலத்தது. அந்த வகைப் புரோகிராம்களை விண்டோஸின் 32 பிட் பதிப்பு மட்டுமே ஓட்டும். விண்டோஸ் 10-இல் 32 பிட் பதிப்பு இருந்தது. உங்கள் பழைய கணினியில் இருப்பது அதுதான். விண்டோஸ் 11 வெளிவந்ததே 64 பிட்டில் மட்டும். ஆக, லேப்டாப் தயாரிப்பாளரும் மைக்ரோசாஃப்டும் சொன்னதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். டாஸ் புரோகிராம் ஓடும் என்று அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை. அவர்களையும் எதிர்தரப்பில் சேர்த்தால் மூன்று வக்கீல்கள் மூன்று பதிலுரை போடுவார்கள், வாய்தா நீளும், உங்களுக்கு ஒரு பைசா கூடப்போவதில்லை. கடைக்காரர் ஒருவர் மீது மட்டும் போடுங்கள்.

கடைக்காரரின் முதல் வாதம், 'லேப்டாப் நன்றாக இருக்கிறதே, இதில் என்ன குறை?' என்பதாக இருக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(10) பிரிவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் குறைந்தால் மட்டுமல்ல, வியாபாரி 'எந்த வகையிலாவது' சொல்லிக்கொண்ட தரத்துக்குக் குறைந்தாலும் அது குறைபாடுதான். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் அந்த 'எந்த வகையிலாவது' என்பதற்குள் அடங்கும். நீங்கள் பொதுவாக 'நல்ல லேப்டாப்பா?' என்று கேட்டுவிட்டு வந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். திரையின் போட்டோவை அனுப்பி, டாஸ் என்றும் எழுதி, 'இது ஓடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவும் இந்த இடத்தில் கைகொடுக்கும்: எதற்காக வாங்குகிறேன் என்பதைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்த நிபந்தனை. அதே பிரிவில் ஒரு ஓட்டையும் உண்டு. பிராண்ட் பெயர் சொல்லி 'இந்த மாடலைக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று வாதிடலாம். மாடலைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்தே எடுத்து வையுங்கள்.

'புதிய விண்டோஸ், எனக்கே தெரியாது' என்றும் அவர் சொல்லிப் பார்க்கலாம். விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5-இல். வெளிவந்த வாரத்தில் விற்றிருந்தால் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, பழைய கணினியை மாற்ற வருகிறவர்களுக்கு அன்றாடம் விற்கிற ஒருவர் அப்படிச் சொன்னால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. தெரியாவிட்டால் 'தெரியாது சார், விசாரித்துச் சொல்கிறேன்' என்றிருக்கலாமே.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். பில்லின் அடியில் நாமும் படிக்காத எழுத்தில் அச்சடித்த அந்த வரி, நல்ல பொருளை மனம் மாறித் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு எதிராகத்தான் செல்லும். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சீல் உடைந்தது, ஆக்டிவேட் ஆனது என்பதும் நிற்காது. பெட்டியைப் பிரித்து ஆன் செய்யாமல் புரோகிராம் ஓடுகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. முதல்முறை ஆன் செய்தபோது நீங்கள் அழுத்திய 'அக்செப்ட்' பொத்தான் உங்களுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் இடையிலான சங்கதி. கடைக்காரர் கொடுத்த வாக்கை அது அழிக்காது.

இனி உங்கள் வழக்கின் பலவீனமான இடம். பில் கடை பெயரில் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2(7) பிரிவு விலக்கிவிடுகிறது. அதற்குள்ளேயே ஒரு விளக்கமும் உண்டு: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. இதற்கு வக்கீல்களாகிய நாங்கள் இன்றும் எடுத்து வைக்கும் தீர்ப்பு 1995-இல் உச்ச நீதிமன்றம் வழங்கியது; லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கு. எதிர்தரப்பு நம் கோவை பிஎஸ்ஜி இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். அந்தத் தீர்ப்பில் டைப்ரைட்டர் உதாரணம் வருகிறது. டைப்ரைட்டர் வாங்கிக் கூலிக்கு அடித்துக் கொடுப்பது பொதுவாக வணிக நோக்கம்தான். ஆனால் பிழைப்புக்காகத் தானே அடித்துக் கொடுக்கிறவர் நுகர்வோர்தான். துணைக்கு ஒருவர் இருவர் இருந்தாலும் அந்த நிலை மாறாது என்றும் நீதிமன்றம் சொன்னது. டைப்ரைட்டர் இருந்த இடத்தில் உங்கள் லேப்டாப்பை வைத்துப் பாருங்கள். நீங்கள், மனைவி, மாலையில் வரும் பையன், அவ்வளவுதான்.

எதிர்தரப்பு வக்கீல் சும்மா இருக்கமாட்டார். 2025 நவம்பரில் பாலிமெடிக்யூர் வழக்கில், ஏற்றுமதி இறக்குமதி ஆவண வேலைகளுக்கு மென்பொருள் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து வைப்பார். அது ஒரு கம்பெனி. உங்களுடையது குடும்பப் பிழைப்பு. இந்த வித்தியாசம் புகாரின் இரண்டாம் பத்தியிலேயே தெரிய வேண்டும். கடை உரிமம் யார் பெயரில், வேறு வருமானம் இல்லை, கணினியை இயக்குவது நீங்களே என்று பச்சையாக எழுதுங்கள். 'வியாபார நஷ்டம் 3 லட்சம்' என்று பெரிய தொகை போடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியை வைத்தே உங்களை வணிகர் ஆக்கிவிடுவார்கள். லேப்டாப் விலை, வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இதோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, இந்த பில்லுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கிறீர்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். எடுத்திருந்தால் அதையும் வணிக நோக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். பணம் திரும்பி வந்தால் அந்த வரவையும் திருப்ப வேண்டிவரும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அந்த வரவே எடுக்க முடியாது, இந்தத் தொல்லையும் இல்லை.

சாட்சியங்களுக்கு வருவோம். உங்கள் வழக்கு முழுவதும் ஒரு வாய்ஸ் மெசேஜில் நிற்கிறது. அந்த உரையாடலில் மறையும் மெசேஜ் வசதி போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். போனை மாற்றாதீர்கள், சர்வீசுக்குக் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு வராதீர்கள். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது போட்டோ, உங்கள் கேள்வி, அவர் பதில், தேதி, அவருடைய எண் எல்லாம் தொடர்ச்சியாகத் தெரியட்டும். வாய்ஸ் மெசேஜில் உள்ளதை வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே விசாரிப்பதால் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் சான்றிதழை இணைத்துவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்சேபணை ஒன்று குறையும்.

புரோகிராமைத் திறக்கும்போது 'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி' என்று வருகிற பெட்டியைப் படம் எடுங்கள். புரோகிராம் எழுதியவரிடம், 'இது 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது' என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். டாஸ்பாக்ஸ் போன்ற இலவச எமுலேட்டரில் (பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்டிப் பார்க்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். பிரிண்டர் வரை எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டால் வழக்கே வேண்டாம், அந்த அமைப்புக்கு ஆன செலவைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். இதற்குள் லேப்டாப்பை வேறு வேலைகளுக்கு எடுக்காதீர்கள். லேப்டாப்பை ஏற்க மறுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் பிள்ளைகள் அதில் படம் பார்த்துக்கொண்டிருந்தால், சரக்கு விற்பனைச் சட்டம் 42-ஆம் பிரிவின்படி நீங்கள் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பெட்டியில் போட்டு அலமாரியில் வையுங்கள்.

அடுத்து நோட்டீஸ். மூன்றாம் நாளே கடைக்குப் போனீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏதும் இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதுங்கள்: எந்தத் தேதியில் கொண்டுவந்தேன், என்ன சொல்லி மறுத்தீர்கள், லேப்டாப் பெட்டியோடு தயாராக இருக்கிறது, பணத்தைத் தாருங்கள். பிறகு 15 நாள் கெடு வைத்து விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து கடைக்கு ஒரு கடிதம் போனதுமே இறங்கிவருகிற கடைக்காரர்கள் உண்டு. அவர் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றால், என் கட்சிக்காரராக இருந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.

இறங்கிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியது திருச்சி ஆனாலும் நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே போடலாம். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு தந்த பெரிய வசதி அது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள், ஆணையம் நீட்டித்தால் இன்னும் 15 நாளுக்குள், கடைக்காரர் பதிலுரை போட்டாக வேண்டும். அதற்கு மேல் அவகாசம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடுதலாகவே ஆகும். வழக்குத் தொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு.

அதுவரை பழைய கணினியிலேயே பில் போடுங்கள், ஆனால் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு. உங்கள் கணக்கெல்லாம் இருக்கும் ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்புகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் கேட்கிறது. வழக்கு எப்படி முடிந்தாலும் அந்தப் பொறுப்பு உங்களுடையதுதான்.