மலையில் உரக்குழி ஏன் நாறுகிறது?

கேள்வி: உதகையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி மெஸ் கழிவை உரமாக்க எங்கள் சுற்றுச்சூழல் மன்றம் ஜூலையில் குழி வெட்டியது. ஆறு மாதமாகியும் மக்கவில்லை. நாற்றம் தாங்க முடியவில்லை. இரவில் காட்டுமாடும் கரடியும் வந்துபோகின்றன. முதலில் வந்த அறுபது மாணவர்களில் இப்போது நான்கு பேர்தான் மிச்சம். இந்த உரத்தை வைத்து ஜூன் 5 அன்று பின்பக்கப் புல்சரிவில் ஐந்நூறு மரக்கன்று நடலாம் என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் குழியை மூடிவிடுங்கள். மண் சீக்கிரம் காயும் சமவெளியில், ஈரத்தைக் காப்பாற்றுவதற்காகக் குழி வெட்டுவார்கள். உதகையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி வடகிழக்கு ஓயும்வரை ஈரத்துக்கு என்ன பஞ்சம்? குழியில் தண்ணீர் நின்றால் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்புகின்றன. குழி சரிவில் இருந்தால் அந்தக் கழிவுநீர் கீழே உள்ள ஓடையில் போய்ச் சேரும். ரிப்பன் வெட்டித் திறந்த உரக்குழிகளை இந்த மலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மழைக்குப் பிறகு அவை தவளைகளுக்குத்தான் பயன்பட்டன.

தரைக்கு மேலே தொட்டி கட்டுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிய குவியலால் தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் விறைத்துப்போகும். செங்கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று வரும். மேலே தகரக் கூரை வேண்டும். ஒன்று நிரம்பி ஓய்வெடுக்கும்போது இன்னொன்றை நிரப்பலாம் என்பதால் குறைந்தது இரண்டு தொட்டிகள் தேவை.

ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த பொருள் சேருங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். மெஸ் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு கார்பன் இருந்தால் நுண்ணுயிர்கள் உற்சாகமாக வேலை செய்யும். உங்கள் வளாகத்தில் காலில் மிதிபடுவது பெரும்பாலும் கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகாக இருக்கும். அதிலுள்ள தைலத்தால் அது மக்க நாளாகும். அதை மட்டும் நம்ப வேண்டாம். நறுக்கிய அட்டைப்பெட்டி, மரத்தூள், காய்ந்த புல் ஆகியவற்றோடு கலந்து போடுங்கள். சருகை மழைக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே சாக்குகளில் சேமித்துவிட வேண்டும். ஜூலையில் தேடினால் காய்ந்த இலை ஒன்றுகூடக் கிடைக்காது.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி; ஒழுகினால் சருகு போதவில்லை. குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. நன்றாக நடக்கும் குவியலின் உட்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பனிக்காலத்தில் புதுக் கழிவை மேலே கொட்டாமல் நடுவில் புதைத்து, மேலே சாக்கு போர்த்துங்கள். அப்படியும் சமவெளியைவிடக் கூடுதல் காலம் ஆகும்.

விலங்குகள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கோயில் விளக்கு எண்ணெயைத் தேடி வரும் கரடி, வறுவல் எண்ணெய் மணக்கும் தொட்டியை விட்டுவைக்குமா? எண்ணெய்ப் பண்டம், இறைச்சி, மீன் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. கனமான கம்பிவலைக் கதவும் தாழ்ப்பாளும் கட்டாயம். கழிவைப் பகல் வெளிச்சத்திலேயே கொட்டி முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு எந்த மாணவரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். காட்டுமாடு சாதுவாகத்தான் தெரியும், திரும்பும்வரை.

இனி அந்த ஐம்பத்தாறு பேர். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். நாறும் குழிக்கு எதிரே, முடிவே தெரியாத ஒரு வேலைக்கு யார்தான் வருவார்கள்? வேலையைச் சின்னதாக்குங்கள்: ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள், இருபது நிமிடம், பெயர் எழுதிய அட்டவணை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். இந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். 1991-இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியாக வந்ததுதான் பட்டப்படிப்பில் உள்ள சுற்றுச்சூழல் கல்வித் தாள். அதற்கான களப்பணி அறிக்கையைப் பலர் இணையத்திலிருந்து படியெடுத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் மெஸ் கழிவின் எடைக்கணக்கே நல்ல அறிக்கைதான். காய்த்தோல், பாத்திரத்தில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது என்று ஒரு வாரம் தனித்தனியாக எடை போட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். சமையலறை அக்காக்களை முதல் நாளே கூட்டத்தில் உட்கார வையுங்கள். எந்தக் கிழமை எந்தக் குழம்பு மிஞ்சுகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் மாணவர்கள் வராத நாளில் வேலை துப்புரவுப் பணியாளர் தலையில் விழக் கூடாது. தேர்வு வாரத்தில் சருகு போட்டு மூடிவிட்டுப் படிக்கப் போங்கள், குவியல் பொறுத்துக்கொள்ளும்.

ஜூன் 5 திட்டத்துக்கு என் பதில்: வேண்டாம். அந்தப் புல்சரிவு காலி இடமில்லை. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததுதான் நீலகிரியின் மேல்மலை. புல்வெளியும் மழைநீரைப் பிடித்து மெல்ல ஓடைக்கு விடுகிறது. வெறும் புல்தானே என்று நினைத்துச் சீகை மரத்தையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் நட்டு, ஏற்கெனவே பெரும்பகுதியை இழந்துவிட்டோம். உரத்தை விடுதித் தோட்டத்தில் கேரட்டுக்கும் பூச்செடிகளுக்கும் போடுங்கள். பேராசிரியர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வேண்டுமென்றால், வெளியிலிருந்து வந்து புல்வெளியை ஆக்கிரமிக்கும், மஞ்சள் பூ பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதர் சரிவில் இருக்கிறதா என்று தாவரவியல் துறையை அழைத்துப் பாருங்கள். இருந்தால், நிலம் யாருடையது என்று கேட்டு, வனத்துறையிடமும் பேசிவிட்டு, மழையில் மண் இளகியிருக்கும்போது இளஞ்செடிகளை வேரோடு பிடுங்கலாம். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், அடுத்த ஜூனிலும் அதே சரிவுக்குப் போக வேண்டியிருக்கும்.