கிதாரில் டி மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) நன்றாக வருகிறது. டி சஸ்4 பிடித்தால் மட்டும் முதல் கம்பி (மிக மெல்லியது) ஒலிப்பதில்லையே, ஏன்?

டி மேஜரைக் கலைக்காதீர்கள். ஆள்காட்டி விரல் மூன்றாம் கம்பியில் 2ஆம் ஃப்ரெட் (கிதாரின் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்), மோதிர விரல் இரண்டாம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட், நடுவிரல் முதல் கம்பியில் 2ஆம் ஃப்ரெட். நடுவிரல் அங்கேயே இருக்கட்டும். சுண்டுவிரலை முதல் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். அவ்வளவுதான் டி சஸ்4.

ஒலி அடைபடுவதற்குப் பெரும்பாலும் மோதிர விரல்தான் காரணம். அது சாய்ந்து படுத்தால் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. மணிக்கட்டைச் சற்று முன்னே தள்ளி, விரல் நுனியால் நிமிர்த்தி அழுத்துங்கள். பிறகு முதல் மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள்.

சுண்டுவிரலை எடுத்ததும் டி மேஜர் திரும்பிவிடும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு: டி-யை ஸட்ஜமாக வைத்தால், அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் சுத்த மத்யமம் நிற்கிறது. காந்தாரத்துக்கு இறங்கத் துடிக்கும் அந்த ஏக்கம்தான் இந்தக் கார்டின் அழகு!