இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஆங்கிலத்தைத் தனித்தனி எழுத்தாக அழகாக எழுதுகிறாள், சேர்த்து எழுதும் கர்சிவ் என்றால் அழுகிறாள். எப்படிப் பழக்குவது?

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், இந்த அழுகையை வருடா வருடம் பார்க்கிறேன்.

முதலில், ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாக எழுத வைப்பதை நிறுத்துங்கள். கை ஒரே மாதிரி போகிற எழுத்துகளைச் சேர்த்துக் கொடுங்கள். ஸ்மால் லெட்டரில் சி வந்துவிட்டால், அதே வளைவை மூடினால் ஓ, மூடிக் கோடு இறக்கினால் ஏ, அந்தக் கோட்டை உயரமாக்கினால் டி, கீழே கொண்டுபோய்ச் சுழித்தால் ஜி. ஒரு வாரத்துக்கு இது போதும். அப்புறம் ஐ, யு. அதற்கப்புறம் மேலே சுழி வருகிற எல், இ, ஹெச். சுழி வராத ஒரு பெண்ணுக்குச் சிக்குக் கோலம் நன்றாக வரும் என்று தெரிந்தது, தரையில் சாக்பீஸைக் கொடுத்து, கம்பி இழுக்கிற மாதிரியே கை எடுக்காமல் எல் எல் எல் என்று போடச் சொன்னேன், இரண்டே நாளில் நோட்டிலும் வந்துவிட்டது.

பிள்ளைகள் தடுக்கி விழுவது எழுத்தில் இல்லை, இணைப்பில். அதனால் இரண்டு எழுத்து வந்த அன்றைக்கே சேர்த்து எழுத வையுங்கள். நாலு கோடு நோட்டில் பெரும்பாலான எழுத்து கீழ் நீலக் கோட்டில் முடியும். ஓ, வி, டபிள்யூ, பஸ்ஸுக்கு வருகிற பி, இந்த நான்கும் மேல் நீலக் கோட்டில் முடியும், அங்கிருந்தே அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். 'ஒன்' என்று எழுதும்போது ஓ-வைக் கீழே இறக்கிவிட்டால் அது ஏ ஆகிவிடும். இந்த நான்கையும் தனியாக ஒரு வாரம் பழக்குங்கள். ஐ-யின் புள்ளியைச் சொல் முடிந்த பிறகுதான் வைக்க வேண்டும், தமிழில் புள்ளியை உடனே வைத்துப் பழகிய கை அங்கே நின்றுவிடும்.

இங்கே ஒரு பள்ளியில் கையெழுத்து சரியில்லை என்று நாலு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். அந்தப் பையனின் முதல் பக்கம் சுமார், நாலாவது பக்கம் கிறுக்கல், விரல் சிவந்து போயிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், பென்சிலை அழுத்திப் பிடித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

நோட்டின் மேல்பக்கம் கொஞ்சம் இடதுபுறம் சாய்ந்திருக்கட்டும். இடது கையால் எழுதும் பிள்ளை என்றால் வலதுபுறம். தயவுசெய்து கையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.